ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரல்

ஆஸ்திரேலியாவில் போர்ட் அகஸ்டாவைத் தாண்டி வடக்கே திரும்பிவிட்டால், எதிரே வருகிறவன் எவனாக இருந்தாலும் விரலைத் தூக்க வேண்டும். கையெல்லாம் ஆட்ட வேண்டியதில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்த பிடியிலேயே ஆள்காட்டி விரல் மட்டும் எழுந்து அடங்கினால் போதும். தெரிந்தவன், தெரியாதவன் என்ற பேச்சே கிடையாது. டயர் வெடித்து நடுக்காட்டில் நின்றால் தண்ணீர் கொடுக்கப் போகிறவன் அவனாக இருக்கலாம், அவ்வளவுதான் கணக்கு. விரல் தூக்காதவன் ஒன்று சிட்னிக்காரனாக இருப்பான், இல்லையென்றால் வாடகை வண்டியில் வந்த வெளிநாட்டுக்காரனாக இருப்பான்.

டெஸ் பாஸ்கோவுக்கு இது ரத்தத்தில் ஊறியது. கடினா பக்கத்து வயல்களிலிருந்து பார்லியும் கோதுமையும் ஏற்றிக்கொண்டு வயதெல்லாம் லாரி ஓட்டியவன். டிராக்டர் வந்தாலும் தூக்குவான், பள்ளிக்கூட பஸ் வந்தாலும் தூக்குவான். ஒருமுறை எதிரே சவ வண்டி வந்தபோதும் தூக்கிவிட்டு மனைவி கிளெனிஸிடம் வாங்கிக் கட்டிக்கொண்டான். அப்பேர்ப்பட்டவன் விரல் தூக்காமல் போனான் என்று சொன்னால் கிளெனிஸ் நம்பியிருக்கவே மாட்டாள். சொன்னது லிண்டல்.

லிண்டலும் அவள் புருஷனும் பல்லாரட் ஊரிலிருந்து, இவர்களைப் போலவே கேரவன் என்ற சக்கர வீட்டைக் காரின் பின்னால் மாட்டி இழுத்துக்கொண்டு வந்தவர்கள். குளிர்காலம் வந்தால் தெற்கிலிருக்கும் வயதானவர்கள் பாதிப் பேர் இப்படித்தான் வீட்டைப் பூட்டிவிட்டு வெயிலைத் தேடி வடக்கே கிளம்பிவிடுகிறார்கள். சாயங்காலமானால் எந்த முகாமாக இருந்தாலும் ஆளுக்கொரு மடக்கு நாற்காலியும் ஆளுக்கொரு பீருமாக ஓரிடத்தில் கூடிவிடுவார்கள். கூபர் பெடி முகாமில் அப்படிக் கூடியிருந்தபோதுதான் லிண்டல் ஆரம்பித்தாள்.

"ஏன் கிளெனிஸ், உன் ஆளுக்கு நாங்க என்ன பாவம் பண்ணினோம்? நேத்து க்ளென்டம்போ முகாம்ல எங்களோட உக்காந்து என் சாசேஜ் அத்தனையும் தின்னான். இன்னிக்கு என் வீட்டுக்காரன் கெட்டிலை அங்கயே மறந்துட்டு வந்துட்டான்னு திரும்பிப் போனோம். எதிர்ல நீங்க. நான் ஜன்னல் வழியா கையை விட்டு ஆட்டு ஆட்டுன்னு ஆட்டறேன். உன் ஆளு கவர்னர் மாதிரி நேரா பாத்துட்டுப் போறான்!"

எல்லோரும் சிரித்தார்கள். லிண்டலின் வண்டி கடந்த நேரம் கிளெனிஸ் தலையைக் குனிந்து மிட்டாய்த் தாளைப் பிரித்துக்கொண்டிருந்திருக்க வேண்டும். அவள் டெஸ்ஸைப் பார்த்தாள்.

"வெயிலு கண்ணுல அடிச்சுது" என்றான் டெஸ். "அதுவுமில்லாம உன் கையா அது? ஏதோ துணி பறக்குதுன்னு நினைச்சேன்."

அதற்கும் ஒரு சிரிப்பு. உடனே அவன் பேச்சை மாற்றினான். "கையாட்டறது கிடக்கட்டும். எங்க வீட்டு சப்மரின் கதையைக் கேளுங்க" என்றான். கிளெனிஸ் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

அந்தக் கதையைச் சொல்லாமல் கிளெனிஸைப் பற்றிச் சொல்ல முடியாது. மூன்டாவில் பிறந்து, பள்ளிக்கூடம் முடிந்ததும் அதே ஊர் ரொட்டிக்கடையில் பாஸ்டி மடிக்கப் போனவள். இறைச்சியும் உருளைக்கிழங்கும் வைத்து ஓரத்தைக் கயிறுபோல் திரித்து மூடும் அந்தப் பண்டத்தில் அவள் கை வேகத்துக்கு ஈடு கிடையாது. காலையில் லாரியை நிறுத்திவிட்டு பாஸ்டி வாங்க வந்த டெஸ்ஸையே கட்டிக்கொண்டாள். கல்யாணமான புதிதில் ஒரு விடுமுறை நாளன்று வாலரூ கடற்கரையில் படகை இறக்கப் போனார்கள். டெஸ் தண்ணீரில் நின்று கையைக் காட்ட, படகு வண்டியைப் பின்னால் மாட்டிய காரை கிளெனிஸ் ரிவர்ஸ் எடுத்தாள். ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் திருப்பினாலும் படகு வேறு பக்கம் போனது. பாசி படிந்த சரிவில் டயர் வழுக்கியது. படகு மிதந்தது, அதன் பின்னாலேயே காரும் கடலுக்குள் போனது. எதிரே இருந்த மதுக்கடையிலிருந்து ஆட்கள் கிளாஸோடு வெளியே வந்து கைதட்டினார்கள். அவள் ஜன்னல் வழியாக ஏறிக் குதித்து, பாவாடை நனைய, அத்தனை பேர் நடுவிலும் நடந்து வந்தாள். ஊரில் அன்றிலிருந்து அவள் சப்மரின் கிளெனிஸ்.

அதற்கப்புறம் பின்னால் எதையாவது மாட்டிய வண்டியின் ஸ்டியரிங்கை அவள் தொட்டதே இல்லை. கடைக்குப் போகத் தன் சின்னக் காரை ஓட்டுவாள், அதோடு சரி. பிள்ளைகள் இரண்டு பேரை வளர்த்தாள், பள்ளிக்கூடக் கேன்டீனில் நின்றாள், மாமியாரைக் கடைசிவரை பார்த்தாள். நீண்ட பயணம் என்றால் இடது பக்கத்து இருக்கை அவளுக்கு. பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுப்பது, மிட்டாய் பிரித்து டெஸ் வாயில் போடுவது, மேப்பைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு அவனோடு சண்டை போடுவது. அந்த இருக்கையில் ஆண்டாண்டு காலமாக உட்கார்ந்து அதில் அவள் உருவம் குழிந்துபோயிருந்தது.

மறுநாள் காலை புறப்பட்டதும் அவள் மிட்டாய் டப்பாவைக் காலடியில் வைத்துவிட்டுச் சாலையைப் பார்க்க ஆரம்பித்தாள். எதிரே ஒரு கார் வந்தது. அந்த ஆள் விரலைத் தூக்கினான். டெஸ்ஸின் கை அசையவில்லை. அடுத்தது ஒரு ஜீப். அதற்கும் இல்லை. அடுத்து வந்த பெரிய லாரிக்குத் தூக்கினான். கிளெனிஸுக்கு உயிர் வந்தது. பிறகு ஒரு கார், மறுபடியும் இல்லை.

அவளுக்கு முதலில் தோன்றியது டெஸ்ஸின் அண்ணன்தான். அண்ணனுக்குக் கடைசிக் காலத்தில் மறதி வந்து, கட்டின பெண்டாட்டியையே தபால்காரி என்று நினைத்து வாசலிலேயே நிற்க வைத்தான். குடும்பத்தில் இருக்கிற வியாதிதானே என்று நினைத்தவள் அவன் பக்கம் திரும்பினாள்.

"டெஸ், ரொட்டிக்கடையில எனக்கு முதலாளியா இருந்தாரே, அவர் பேரு என்ன?"

"எதுக்கு?"

"சும்மாதான். ஞாபகம் வரல."

"வில்ஃப் ஹாக்கிங். கஞ்சப்பய. என் பாஸ்டியில உருளைக்கிழங்கை மட்டும் வச்சு ஏமாத்தினவன். நீ என்ன, அண்ணனுக்கு வந்தது எனக்கும் வந்துடுச்சான்னு சோதிக்கிறியா?"

அவளுக்கு முகம் சுண்டிப்போனது. "போடா கிழவா" என்று சொல்லி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மூளை நன்றாகத்தான் இருக்கிறது. அப்படியானால் என்ன? கோபமா? யார் மேல்?

மார்லா என்ற ஊருக்கு முன்னால் சாலையோரத்தில் ஒரு பழைய கார், டயரும் கதவும் போய், துருப்பிடித்துக் கிடந்தது. நெருங்கியபோது டெஸ்ஸின் விரல் மெல்ல எழுந்து அடங்கியது. ஆள் இல்லாத, எஞ்சின் இல்லாத, எத்தனையோ வருஷமாக அங்கேயே கிடக்கிற இரும்புக்கு அவன் மரியாதையாக வணக்கம் சொல்லிவிட்டுப் போனான்.

கிளெனிஸுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்க வாயைத் திறந்தவள் திரும்பி அவன் கண்ணைப் பார்த்தாள். இவனுக்குக் கண் தெரியவில்லை!

அப்புறம் எல்லாமே வரிசையாகப் புரிந்தது. சாப்பாட்டுக் கடையில் பலகையைப் பார்க்காமல், "நீயே சொல்லு, எனக்கு எதுவானாலும் சரி" என்கிறான். கேரவனை மாட்டும்போது கொக்கியைக் கண்ணால் பார்க்காமல் கையால் தடவித் தடவிப் பார்க்கிறான். பேசும்போது முகத்தைப் பார்க்காமல் காதைப் பார்க்கிறான். இந்தப் பயணத்துக்கு அவன் அவசரப்பட்டதும் இப்போதுதான் உறைத்தது. டெஸ் சரக்கு இறக்கிய தானியக் கிடங்கின் அலுவலகச் சுவரில் ஒரு பழைய காலண்டர் தொங்கும். கிங்ஸ் கேன்யன் பள்ளத்தாக்கின் சிவப்புப் பாறைச் சுவர், கத்தியால் வெட்டியது போல நேராக நிற்கிற படம். வருஷம் முடிந்தும் டெஸ் அதைக் கழற்றவில்லை, ஓய்வு பெற்ற அன்று சுருட்டி எடுத்துக்கொண்டு வந்தான். "போவோம் போவோம்" என்று அவ்வளவு காலம் சொல்லிக்கொண்டிருந்தவன் இந்தக் குளிர்காலம் பிறந்ததும், "இப்பவே போவோம்" என்றான். மகள் அடுத்த வருஷம் போகலாமே என்றதற்கு அவன் காது கொடுக்கவில்லை.

சொல்லிவிட வேண்டியதுதானே என்று நமக்குத் தோன்றும். அவளும் வாயைத் திறந்தாள், மூடினாள். டெஸ்ஸிடம் ஸ்டியரிங்கைக் கொடு என்று சொல்வதும் கையை வெட்டிக் கொடு என்று சொல்வதும் ஒன்றுதான். அது ஒரு காரணம். இன்னொரு காரணத்தை அவள் தனக்குத்தானேகூடச் சத்தமாகச் சொல்லிக்கொள்ளவில்லை. அவன் ஓட்டவில்லை என்றால் யார் ஓட்டுவது? பின்னால் ஒரு வீட்டையே கட்டி இழுத்துக்கொண்டு, இந்தக் காற்றில், இந்த லாரிகளுக்கு நடுவில்? நினைத்த மாத்திரத்தில் வாலரூவின் உப்புத் தண்ணீர் அவள் பாவாடையை நனைத்தது.

அதனால் அவள் பேசாமல் அவனுக்குக் கண்ணாக இருக்கத் தீர்மானித்தாள். கோழைத்தனம்தான், வேறென்ன சொல்ல? "அதோ பாரு, மாடு நிக்குது" என்றாள். "எதிர்ல கார் வருது பாரு, எவ்வளவு அழகான நீலம்" என்றாள். டெஸ் விரலைத் தூக்கினான். அவள் இப்படி விடாமல் பேசிக்கொண்டே வருவதைப் பார்த்து, "என்ன இன்னிக்கு வானொலி நிலையம் திறந்துட்டே?" என்று கேட்டான். அவள் சிரித்தாள். உள்ளங்கை வியர்த்து, துடைத்துத் துடைத்துக் கால்சட்டை ஈரமாகிவிட்டது. எதிரே வருகிற ஒவ்வொரு வண்டிக்கும் அவள் வலது கால் தரையை அழுத்தியது. அங்கே பிரேக் இல்லை.

மாநில எல்லையைத் தாண்டி வெகுதூரம் போனபின் ரேடியோ கரகரத்தது. இந்தச் சாலையில் எல்லா லாரியிலும் கேரவன் வண்டியிலும் ஒருவரோடொருவர் பேசுகிற ரேடியோ உண்டு, எல்லோரும் ஒரே அலைவரிசை.

"முன்னாடி போற வெள்ளை கேரவன், பின்னாடி ப்ளூ வர்றேன், மூணு பெட்டி. தாண்டணும். வழி எப்படி இருக்கு?"

செம்பட்டைத் தலையனுக்கு இந்த நாட்டில் ப்ளூ என்றுதான் பெயர் வைப்பார்கள். அவன் ஓட்டியது மூன்று பெட்டிகளை ரயில் மாதிரி கோத்து இழுக்கிற ராட்சத லாரி. அதன் ஓட்டுநருக்கு முன்னால் கேரவன் மறைக்கும். அதனால் முன்னால் போகிறவன் பார்த்துச் சொல்ல வேண்டும், காலி என்று. அந்த ஒரு வார்த்தையை நம்பி லாரிக்காரன் எதிர்ப்பக்கச் சாலையில் ஏறுவான். தாண்டி முடிக்கிறவரை அவன் உயிர் அந்த வார்த்தையில்தான் இருக்கும். லாரி ஓட்டிய காலத்தில் டெஸ் அதை ஆயிரம் பேருக்குச் சொல்லியிருப்பான், அவனுக்கும் ஆயிரம் பேர் சொல்லியிருப்பார்கள்.

டெஸ் மைக்கை எடுத்தான். முன்னால் பார்த்தான். நிதானமாகத்தான் பார்த்தான்.

"காலி ப்ளூ. வா."

கிளெனிஸ் அப்போது பிளாஸ்க் மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தாள். கானல் ததும்பும் தூரத்தில், சாலை ஓர் ஓடைப்பள்ளத்தில் இறங்கி ஏறுகிற இடத்தில், வெள்ளியாக ஏதோ மின்னியது. கார். பெரிதாகிக்கொண்டே வந்தது. அவள் ஒரு கணம் பேசாமல் இருந்தாள். அவன் பார்த்துவிடுவான், இதோ பார்த்துவிடுவான் என்று இருந்தாள். பக்கத்துக் கண்ணாடியில் லாரியின் மூக்கு வெளியே வந்து, அவர்கள் கேரவனின் வாலை ஒட்டி ஏறிக்கொண்டிருந்தது.

அவள் அவன் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கினாள்.

"வராதே! வராதே! கார் வருது! பின்னாடி போ!"

லாரியின் பிரேக் அலறியது. கண்ணாடியில் அந்த மூக்கு ஆடியது, பின்வாங்கியது, மறைந்தது. வெள்ளிக் கார் சாலையை விட்டு இறங்கி, செம்மண் புழுதியைக் கிளப்பி, நீளமாக ஹார்னை அழுத்திக்கொண்டு அவர்களைக் கடந்தது. அதில் பின்சீட்டில் ஒரு குழந்தை இருக்கை இருந்தது. கிளெனிஸ் அதைப் பார்த்துவிட்டாள். பார்க்காமலேயே இருந்திருக்கலாம்.

டீ அவள் மடியில் கொட்டிச் சுட்டுக்கொண்டிருந்தது.

"வெள்ளை வண்டி." ப்ளூவின் குரல் கரகரத்தது. "அடுத்த நிறுத்தத்துல ஓரங்கட்டு. பேசணும்."

நிறுத்தம் என்பது ஒரு குப்பைத் தொட்டியும் ஒரு தகரக் கூரையும்தான். டெஸ் ஓரங்கட்டினான், எஞ்சினை அணைத்தான், இரண்டு கையையும் ஸ்டியரிங்கிலேயே வைத்திருந்தான். பின்னால் லாரி மூச்சுவிட்டு நின்றது. அரைக்கால் சட்டையும் பூட்ஸும் போட்ட, தாடியும் செம்பட்டையான ஆள் இறங்கி வேகமாக வந்தான்.

"கண்ணை எங்கடா வச்சிருக்க, கிழவா? காலின்னு சொன்னியே! அந்தக் காருக்குள்ள ஒரு குடும்பமே இருந்துது! அவங்களை மோதிட்டு நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வீட்டுக்குப் போறது?"

டெஸ் கீழே இறங்கி நின்றான். "மன்னிச்சுக்கோ தம்பி" என்றான். ப்ளூவின் தோளைப் பார்த்து அதைச் சொன்னான். ப்ளூ ஒரு பக்கமாக நகர்ந்தான். டெஸ் ப்ளூ முதலில் நின்ற இடத்தையே பார்த்துப் பேசிக்கொண்டிருந்தான்.

ப்ளூவின் கோபம் சட்டென்று இறங்கியது. தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். பிறகு, இறங்கி வந்திருந்த கிளெனிஸைப் பார்த்து, "இனிமே யாரும்மா ஓட்டறது?" என்றான்.

கிளெனிஸ் பின்னால் நின்ற கேரவனை ஒருமுறை பார்த்தாள். குப்பைத் தொட்டி மேல் ஒரு காக்கை கத்தியது.

"நான்" என்றாள் கிளெனிஸ்.

"முன்னாடி எதையாவது இழுத்திருக்கீங்களா?"

"படகு இழுத்திருக்கேன்."

"எங்க?"

"கடலுக்குள்ள."

டெஸ் வெடித்துச் சிரித்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தவன், அப்படியே கேரவன் படியில் உட்கார்ந்து, முகத்தைக் கையால் மூடிக்கொண்டான். தோள் குலுங்கியது. அது சிரிப்பில்லை என்று கொஞ்ச நேரம் கழித்துத்தான் தெரிந்தது. ப்ளூ திரும்பி நின்று தன் டயர்களைப் பார்க்கிற மாதிரி பாவனை செய்தான். போகும்போது சொன்னான்: "மெதுவா போங்கம்மா. பின்னாடி எவன் ஹார்ன் அடிச்சாலும் அடிக்கட்டும், அவனுக்கு வேற வேலை இல்ல. வளைவுல அகலமா எடுங்க. ரிவர்ஸ் மட்டும் எடுக்கவே எடுக்காதீங்க."

லாரி போனபின் அவள் டெஸ் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எப்படி இருக்கு உனக்கு?"

"நடுவுல ஒரு கறை. ஓரமெல்லாம் தெரியுது. கோடு தெரியுது, புதர் தெரியுது. நேரா எதைப் பாக்கறேனோ அது மட்டும் இல்ல. பெரிய லாரின்னா கறைக்கு வெளியில கொஞ்சம் நீட்டிக்கிட்டு இருக்கும், தெரிஞ்சுடும்."

"டாக்டர்கிட்ட போனியா?"

"முடிவெட்டப் போறேன்னு சொல்லிட்டுப் போனேனே, அன்னிக்கு."

"ஓட்டக்கூடாதுன்னு சொன்னாங்களா?"

அவன் வண்டிச் சாவியை எடுத்து அவள் மடியில் வைத்தான். அதுவே பதில்.

"அந்தப் பாறையைப் பாத்துட்டு நிறுத்திடலாம்னு நினைச்சேன்" என்றான். "சொன்னா, நீ வண்டியைத் திருப்பச் சொல்லுவே. நீ எப்ப கண்டுபிடிச்சே?"

"துருப்பிடிச்ச காருக்கு விரல் தூக்கினியே, அப்ப."

"அப்பவே ஏன் சொல்லல?"

"சொன்னா நான் ஓட்டணுமே."

அதைச் சொல்லும்போது அவளுக்கு அழுகை வந்தது. தன் பயத்துக்காக முன்பின் தெரியாத ஒரு குழந்தையைப் பணயம் வைத்துவிட்டோம் என்று அவளுக்குத் தெரியும். டெஸ்ஸுக்கும் தெரியும். இருவரும் ஒருவரை ஒருவர் திட்டிக்கொள்ள நிறைய இருந்தது, திட்டவில்லை. வீட்டுக்குத் திரும்பினாலும் அவள்தான் ஓட்ட வேண்டும், பாறைக்குப் போனாலும் அவள்தான். இரண்டில் பாறைதான் பக்கம்.

அவள் வலது பக்கம் ஏறினாள். இருக்கையை முன்னால் இழுத்தாள், இன்னும் முன்னால் இழுத்தாள். டெஸ் இடது பக்கம் ஏறி, அவள் குழியில் சரியாகப் பொருந்தாமல் நெளிந்தான். வண்டி நகர்ந்தபோது பின்னால் அந்தப் பாரம் அவளைப் பிடித்து இழுத்தது. பிறகு தள்ளியது. காற்றடித்தால் கேரவன் ஆடியது, அது ஆடும்போதெல்லாம் அவள் முதுகெலும்பும் ஆடியது. சைக்கிளில் போகிறவன்கூட முந்திவிடுகிற வேகத்தில் அவள் ஓட்டினாள். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட்டினாள் என்று சொன்னால், இரண்டு கையிலும் என்று சேர்த்துச் சொல்ல வேண்டும்.

எதிரே வந்தவர்கள் விரல் தூக்கினார்கள். அவளால் ஒரு விரலைக்கூடப் பிரிக்க முடியவில்லை.

"யாராவது வந்தாங்களா?" என்றான் டெஸ்.

"வந்தாங்க."

"தூக்கினியா?"

"எப்படித் தூக்கறது? கையை விட்டா செத்தோம்."

"நம்மள என்னன்னு நினைப்பாங்க?"

"சிட்னிக்காரங்கன்னு நினைச்சுக்கட்டும், போ."

டெஸ்ஸுக்கு அது பொறுக்கவில்லை. கண் போனதை ஏற்றுக்கொண்டாலும் ஏற்றுக்கொள்வான், சிட்னிக்காரன் என்ற பெயரை ஏற்கமாட்டான். கொஞ்ச தூரம் போனதும் அவளுக்கே ஒன்று தோன்றியது.

"நீ தூக்கு. நான் சொல்றேன்."

"நான் ஓட்டலியே."

"விரலுக்கு லைசென்ஸ் வேணுமா? இதோ ஒண்ணு வருது. கொஞ்சம் இரு. இப்போ."

டெஸ் முன்பலகையின் மேல் கையை வைத்து ஆள்காட்டி விரலைத் தூக்கினான்.

"அவன் தூக்கினானா?"

அது வாடகை வண்டி. உள்ளே இருந்த இளைஞன் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"தூக்கினான்" என்றாள் கிளெனிஸ்.

எர்ல்டண்டாவில் மேற்கே திரும்பி, வழியில் ஒரு இரவு தங்கி, கேன்யன் முகாமுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அவள் முன்னாலேயே போன் செய்து, ரிவர்ஸ் எடுக்காமல் இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வெளியேறுகிற இடமாகக் கேட்டு வாங்கியிருந்தாள். சாயங்காலம் பீரோடு கூடியவர்கள் எங்கிருந்து வருகிறீர்கள், யார் ஓட்டுவது என்று கேட்டார்கள். "வீட்டம்மாதான்" என்றான் டெஸ். படகுக் கதையை எடுப்பான் என்று அவள் காத்திருந்தாள். அவன் எடுக்கவில்லை. டிங்கோ என்கிற காட்டு நாய் ஒன்று யாருடைய செருப்பையோ கவ்விக்கொண்டு ஓட, பேச்சு அந்தப் பக்கம் போய்விட்டது.

மேலே ஏறுகிற படிகள் அவனுக்கு ஆகாது. அதனால் மறுநாள் காலை அடியில் ஓடையோரமாக நடந்தார்கள். வெள்ளை யூகலிப்டஸ் மரங்களைத் தாண்டினால் சுவர். காலண்டரில் பார்த்ததைவிட உயரம், காலண்டரில் இல்லாத சிவப்பு. டெஸ் அதை நேருக்கு நேர் பார்த்தான். முகம் வாடியது. பிறகு தலையை மெல்ல இடப்பக்கம் திருப்பினான், சுவரை விட்டுவிட்டுப் புதர்களைப் பார்க்கிறவன் போல.

அங்கே நின்றிருந்த ஒரு பெண்மணி உதவியாக, "சார், பாறை இந்தப் பக்கம் இருக்கு" என்றாள்.

"அவருக்குத் தெரியும்" என்று கிளெனிஸ் வெடுக்கென்று சொன்னாள். அந்தப் பெண் ஒதுங்கிப் போய்விட்டாள்.

"ஓரத்துல வருது கிளெனிஸ்" என்றான் டெஸ், புதரைப் பார்த்தபடியே. "வேற எங்கயோ பாத்தா இது தெரியுது. எவ்வளவு பெருசு! மேல கறுப்பா கோடு கோடா வழியுதே, அது தண்ணி வந்த தடமா?"

"ஆமா."

"காலண்டர்ல அது இல்ல."

வெயில் ஏறுகிற வரை அவன் அப்படியே நின்றான். அவளுக்குக் கழுத்து வலித்தது அவனுக்காக. திரும்பிப் போகிற தூரம் முழுக்க அவள் நினைவுக்கு வந்தது. வந்தது போதாதென்று அத்தனையும் மறுபடியும் ஓட்ட வேண்டும்.

திரும்பும்போது பெரிய சாலையில் தெற்கே ஏறிக் கொஞ்ச தூரத்தில் ரேடியோ கரகரத்தது.

"முன்னாடி போற வெள்ளை கேரவன். நான் ப்ளூ, காலி வண்டி, மூணு பெட்டி." கொஞ்சம் இடைவெளி. "ஸ்டியரிங்ல யாரு?"

டெஸ்ஸின் கை பழக்கத்தில் மைக்குக்குப் போனது. எடுத்தான். எடுத்து அவள் வாய்க்கு நேராகப் பிடித்தான். சற்று விலகி அவள் கன்னத்தில் இடித்தது, அவள் முகத்தை நகர்த்திக்கொண்டாள்.

"நான்தான். கிளெனிஸ்."

"கடலுக்குள்ள இழுத்த அம்மாவா! சரி, தாண்டணும். வழி எப்படி இருக்கு?"

சாலை நேராக, வெறுமையாக, கானலில் நடுங்கிக்கொண்டு கிடந்தது. ஓடைப்பள்ளம் உண்டா? உண்டு, தூரத்தில். அதற்குள் ஏதாவது இருக்குமா? அவள் பார்த்தாள். மறுபடி பார்த்தாள். ப்ளூ அவசரப்படுத்தவில்லை. பள்ளத்தை நெருங்கி, அதற்குள் இறங்கி, ஏறி, மேட்டிலிருந்து சாலை அடிவானம்வரை தெரிகிற வரைக்கும் அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓட்டினாள். லாரி அத்தனை தூரமும் பின்னால் பொறுமையாக ஊர்ந்து வந்தது.

"காலி" என்றாள். குரல் அவளுடையதாகவே இல்லை. "வா ப்ளூ."

லாரி வெளியே வந்தது. சக்கரம் சக்கரமாகப் பக்கத்தில் உருண்டது. அது கிளப்பிய காற்று அவர்களை உறிஞ்சி இழுக்க, அவள் ஸ்டியரிங்கைக் கெட்டியாகப் பிடித்து நேராக வைத்திருந்தாள். ஒரு பெட்டி. இன்னொன்று. கடைசியும் போனது.

"வால் தாண்டிடுச்சா?" என்றான் டெஸ்.

"தாண்டிடுச்சு" என்று அவள் மைக்கில் சொன்னாள். லாரி இடப்பக்கம் சேர்ந்தது. அதன் ஜன்னலிலிருந்து செம்பட்டை முடி அடர்ந்த ஒரு கை வெளியே நீண்டு, விரலொன்று எழுந்தது.

"இப்போ" என்றாள். டெஸ் முன்பலகையில் விரலைத் தூக்கினான். ஸ்டியரிங்கில் அவள் வலது கையிலும் ஒரு விரல் பிரிந்து எழுந்து, அவசரமாக மறுபடி ஒட்டிக்கொண்டது.

"அவன் தூக்கினானா?"

"தூக்கினான்" என்றாள் கிளெனிஸ். இந்த முறை அது பொய்யில்லை.